அலஸ்தோட்டத்துக் கிணற்றுத் தண்ணியும் ஐந்து டிஸ்கஸும்

தம்பி கேட்டிருப்பது இதுதான். திருகோணமலை அலஸ்தோட்டத்தில் வீடு, கடற்கரையில் இருந்து ஒரு முந்நூறு மீற்றர் தள்ளி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மீன்தொட்டி. எட்டு மாதமாகச் செடிகள் வேர்பிடித்து நன்றாக நிற்கின்றன. அதற்குள் தட்டுப் போல வட்டமான டிஸ்கஸ் மீன் ஆறு விட ஆசை. கொழும்பில் ஒருவர் இரண்டு அங்குலக் குஞ்சுகள் தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையில் ஒருவர் "செடித்தொட்டியில் டிஸ்கஸ் நிலைக்காது" என்கிறார். இன்னொருவர் "எங்கட வெக்கைக்கு அது தாங்காது" என்கிறார். மூன்றாமவர் கிணற்றுத் தண்ணியைக் குறை சொல்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

மூவரும் சொல்வதில் பாதி பாதி சரி. ஆனால் நான் பயப்படுவது மூவரும் தொடாத ஒன்றைப் பற்றி: அந்த இரண்டு அங்குலக் குஞ்சுகள். அவற்றை உங்கள் செடித்தொட்டிக்குள் விட வேண்டாம். நாலரை, ஐந்து அங்குலம் வளர்ந்த மீனாக வாங்குங்கள். அப்படியென்றால் செடி, வெக்கை, கிணறு மூன்றையும் சமாளிக்கலாம்.

காரணம் சாப்பாடு. டிஸ்கஸ் குஞ்சுக்கு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு தடவை தீனி வேண்டும். கொட்டித் தீனி போட்டால் கழிவும் அந்தளவு வரும். அதற்காக நாள்தோறும் பாதித் தண்ணியாவது மாற்ற வேண்டும். வெறும் கண்ணாடித் தொட்டி என்றால் அடியில் கிடப்பதை ஒரு குழாயால் இரண்டு நிமிடத்தில் உறிஞ்சி எடுக்கலாம். செடித்தொட்டியில் மிச்சத் தீனி மணலுக்குள் இறங்கும், இலையடியில் தங்கும், அங்கேயே அழுகும். நீங்களும் தண்ணி கெட்டுவிடும் என்று பயந்து தீனியைக் குறைப்பீர்கள். அப்போது மீனின் வளர்ச்சி நின்றுவிடும். டிஸ்கஸ் சிறு வயதில் ஒருமுறை குறுகிப்போனால், பிறகு என்ன கொடுத்தாலும் அந்த வட்ட உருவம் வராது. உடல் சின்னதாய், கண் மட்டும் பெரிதாய், முட்டை வடிவில் நீண்டு நிற்கும். "செடி வைத்ததால் டிஸ்கஸ் சரிவரவில்லை" என்று சொல்கிற வீடுகளில் நான் பார்த்த மீன்கள் அநேகமாக இந்த வகைதான். பழி செடியின் மேல் விழுந்துவிட்டது.

வளர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை தீனி போதும். கிழமைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு நாற்பது பங்கு தண்ணி மாற்றினால் செடித்தொட்டி தாங்கும். குஞ்சில் இருந்து வளர்த்துப் பார்க்கத்தான் ஆசை என்றால், தனியாக ஒரு வெறுந்தொட்டி வைத்து ஒரு வருடம் அதில் வளர்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். அது நல்ல பாதை, ஆனால் தினமும் வாளி தூக்க வேண்டும்.

எண்ணிக்கையிலும் ஒரு திருத்தம். உங்கள் தொட்டியின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 255 லீற்றர். மணல், கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் 200 லீற்றர்தான் தண்ணி. வளர்ந்த மீன் ஒன்றுக்கு 40 லீற்றர் என்பது பொதுவான கணக்கு. ஆகவே ஐந்து. அதற்குக் கீழேயும் போக வேண்டாம், பெரியது ஒன்று மற்றவற்றை மூலையில் ஒதுக்கிப் பட்டினி போட்டே கொன்றுவிடும். கூட்டமாக இருந்தால் அந்தச் சண்டித்தனம் எல்லோருக்கும் பகிர்ந்து போகும். இவை சிக்லிட் குடும்பம். கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவும் அதே குடும்பம்தான், குணத்தில் அந்த ஒற்றுமை தெரியும்.

இனித் தண்ணி. டிஸ்கஸின் ஊர் அமேசன் ஆற்றுப் படுகை. 1840 இல் ஹெக்கல் என்ற ஒஸ்திரிய விலங்கியலாளர் முதலில் விவரித்த இனம் றியோ நீக்ரோ என்ற கிளையாற்றின் கறுத்த, மிக மென்மையான, அமிலத் தண்ணியில் வாழ்வது. அந்தக் காட்டு மீனை நாம் இங்கே வளர்க்கப் போவதில்லை. கடைகளில் கிடைப்பவை பல தலைமுறையாகத் தொட்டிகளில் பெருக்கப்பட்டவை. பிஎச் (தண்ணியின் அமில, கார அளவு) 7.5 வரையும், நடுத்தரக் கடினத்திலும் (சுண்ணாம்பு போன்றவை கரைந்திருக்கும் அளவு) அவை நன்றாக இருக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வைக்கத்தான் மென்மையான தண்ணி கட்டாயம். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

அவற்றுக்கு ஆகாதது மாற்றம். எங்கள் கரையோரக் கிணறுகளில் அதுதான் சிக்கல். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கத்து மணற்கிணறு ஒன்றே வருடத்தில் இரண்டு கிணறு மாதிரி. மாரி முடிந்து தை, மாசியில் குடித்துப் பார்த்தால் இனிக்கும். ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இறங்க, அதே கிணறு உவர்க்கும். பத்து மாதம் நல்லாக இருந்த மீன் திடீரென்று கறுத்து மூலையில் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள், சின்னப் பேனா மாதிரிச் சாமான், தண்ணியில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். மாதம் ஒருமுறை கிணற்றை அளந்து கலண்டரில் எழுதி வையுங்கள். 400க்குக் கீழே என்றால் அப்படியே பாவிக்கலாம். அதைத் தாண்டினால் மழைத்தண்ணி கலக்க வேண்டும்.

எங்களுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியில் இருந்து தை வரைதான். அந்த நாட்களில் பிளாஸ்டிக் பீப்பாய்களில் பிடித்து மூடி வையுங்கள். சீமெந்துத் தொட்டியில் பிடித்தால் சுண்ணாம்பு கரைந்து பிஎச் ஏறும், பிடித்த பலன் போய்விடும். முதல் இரண்டு மூன்று மழையை விட்டுவிடுங்கள். கடலுக்குக் கிட்ட உள்ள கூரைகளில் தூசி, காக்கை எச்சம் மட்டுமல்ல, கடற்காற்று கொண்டுவந்த உப்பும் படிந்திருக்கும். கணக்கு எளிது: கிணறு 800 காட்டுகிறது, மழைத்தண்ணி 20 என்றால், ஒரு பங்கு கிணற்றுக்கு இரண்டு பங்கு மழை கலந்தால் 280. தனி மழைத்தண்ணியில் மட்டும் விட வேண்டாம். பிஎச்சைப் பிடித்து நிறுத்துகிற கார்பனேற்று அதில் இல்லை, ஓர் இரவில் சரிந்துவிடும்.

நான் இருப்பது உவர்மலையில். பெயரில்தான் உவர், பைப்பில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணி. உங்களுக்கும் பைப் இணைப்பு இருந்தால் கிணற்றை விட அதையே நம்புவேன். குளோரின் போவதற்கு பீப்பாயில் பிடித்து, காற்றுக்கல் போட்டு 24 மணி நேரம் ஓடவிட வேண்டும். அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேற்று.

இதில் நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆடி மாதம், பின்னேரம் இரண்டு மணி இருக்கும், சோம்பலில் கூரைமேல் இருந்த கறுப்புத் தாங்கியில் இருந்து நேரே குழாயை மீன்தொட்டிக்கு இழுத்துவிட்டேன். வெயிலில் கிடந்த தாங்கித் தண்ணி கன்னியா ஊற்றுப் போல இருந்திருக்கிறது. கையை வைத்துப் பார்க்கவில்லை. கால்மணி நேரத்தில் தொட்டி 35 பாகை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு போய்விட்டன. அதற்குப் பிறகு வீட்டுக்குள் நிழலில் ஒரு பீப்பாய், முதல்நாள் நிரப்பி வைத்தது. அதைத் தவிர வேறு எங்கிருந்தும் தண்ணி விடுவதில்லை.

வெக்கைக்கு வருவோம். டிஸ்கஸுக்கு வேண்டியது 28 முதல் 30 பாகை. குளிர் நாடுகளில் இதை ஹீட்டர் போட்டுக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், நமக்குச் சும்மா கிடைக்கிறது. வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் இங்கே ஹீட்டருக்கு வேலையில்லை. வாடைக்காற்று அடிக்கிற மார்கழி, தை இரவுகளில்தான் தண்ணி 25க்கு இறங்கும். அப்போதைக்கு ஒரு 200 வாட் ஹீட்டர் போதும்.

மறுபக்கம், கச்சான் காற்று வீசுகிற வைகாசியில் இருந்து ஆவணி வரை தொட்டி 32, 33 வரை போகும். சூட்டை விட அதனோடு வருகிற ஒட்சிசன் குறைவுதான் மீனைக் கொல்வது. 25 பாகையில் ஒரு லீற்றர் தண்ணியில் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் 7.5 தான். மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சுத் தேவை கூடுகிறது. அதோடு இரவில் விளக்கு அணைந்ததும் செடிகளும் ஒட்சிசனை எடுக்கத் தொடங்கும். ஆகவே செடித்தொட்டியில் ஆபத்தான நேரம் உச்சி வெயில் நேரம் என்று நினைக்காதீர்கள். விடியப்புறம் நாலு, ஐந்து மணிக்கு எழும்பிப் பாருங்கள். மீன்கள் மேற்பரப்பில் நின்றால் காற்று போதவில்லை என்று பொருள். விளக்கு அணையும்போது காற்றுப் பம்ப் தொடங்குகிற மாதிரி ஒரு டைமர் போட்டுவிடலாம்.

சூட்டை இறக்க ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணியின் மேல் வீச விடுங்கள், மூடியைத் திறந்துவிட்டு. கச்சான் வறண்ட காற்று. ஆகவே ஆவியாதல் வேகமாக நடந்து இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆவியாகிப் போவது தண்ணி மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவைக் கிணற்றுத் தண்ணியால் நிரப்பிக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் டிடிஎஸ் எங்கேயோ போய் நிற்கும். அந்த நிரப்புதலுக்கு மழைத்தண்ணியை ஒதுக்கி வையுங்கள்.

செடிகளைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வரும். உலகம் முழுக்க டிஸ்கஸ் தொட்டிகளில் நடுகிற செடி கிரிப்டோகோரைன் வென்டியை. அது எங்கள் நாட்டுச் செடி, இலங்கைக்கே உரியது, ஓடைகளில் வளர்வது. இங்கே நாமோ வெளிநாட்டுச் செடிக்குக் காசைக் கொட்டுகிறோம். 30 பாகையையும் குறைந்த வெளிச்சத்தையும் ஓரளவு கடினமான தண்ணியையும் இது தாங்கும். நட்ட புதிதில் இலையெல்லாம் கூழாகக் கரைந்து போகும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேரில் இருந்து மூன்று நான்கு கிழமையில் திரும்ப வரும். நாற்று வளர்த்து விற்கிறவர்களிடம் வாங்குங்கள், ஓடையில் போய்ப் பிடுங்க வேண்டாம். அதன் தங்கை மாதிரியான பார்வா என்ற குட்டிச் செடியும் நம் நாட்டதுதான், ஆனால் அது குளிர்ச்சியை விரும்புவது, இந்தச் சூட்டில் நலிந்து நலிந்து நின்றுவிடும்.

அமேசன் சோர்ட் தொட்டியின் நடுவில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அது வேரால் சாப்பிடுகிற செடி, அடியில் உரமில்லாவிட்டால் மஞ்சளாகிவிடும். கட்டையில் கட்டிவிட அனுபியாஸ். பின்சுவரில் வலிஸ்னேரியா, கடினத் தண்ணி என்றால் அதற்குக் கொண்டாட்டம். குளங்களில் கிடைக்கிற கொட்டிக் குடும்பத்துச் செடியும், சிங்களத்தில் கெக்கட்டிய என்று சந்தையில் கறிக்கு விற்பார்களே அதுவும், தொட்டியில் அலை அலையான இலையோடு அழகாக நிற்கும். ஆனால் குளத்தில் இருந்து கொண்டுவந்தால் நத்தையும் புழுவும் சேர்ந்து வரும். ஒரு மாதம் வேறு வாளியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். தரையை மூடிப் படர்கிற புல்வகைகள், பாசிவகைகள் வேண்டாம். சூட்டில் நலியும், கழிவையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தொட்டி முழுக்கச் செடி நட வேண்டாம் என்பது என் கருத்து. ஆற்றில் டிஸ்கஸ் வாழ்வது விழுந்து மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவே, செடிகள் அங்கே பெரிதாக இல்லை. அவற்றுக்கு வேண்டியது மறைவும் நிழலும் நீந்த இடமும். பின்பக்கமும் இரு ஓரமும் செடி, முன்பக்கம் வெறும் மணல், அதுவும் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல். பெரிய செடிகளை மண்சட்டிகளில் நட்டு, சட்டியோடு இறக்கி வைத்தால் இன்னும் நல்லது. சட்டியைத் தூக்கிவிட்டு அடியை உறிஞ்சலாம், உரத்தையும் அந்தச் சட்டிக்குள்ளேயே வைக்கலாம்.

மணல் என்றதும் கடற்கரைக்கு வாளியோடு போய்விடாதீர்கள். நிலாவெளி மணலில் சிப்பியும் பவளத் துணுக்கும் கலந்திருக்கும், மெல்ல மெல்லக் கரைந்து கடினத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆற்றுமணல் வாங்கிக் கழுவுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு பிடி மணலில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம்.

காபனீரொட்சைட்டு சிலிண்டர் போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மேலே சொன்ன செடிகளுக்கு அது தேவைப்படாது. இந்தச் சூட்டில் ஏற்கெனவே ஒட்சிசன் நெருக்கடி இருக்கும்போது அதையும் ஏற்றினால் பிழைக்கு இடமே இருக்காது. சீனியும் ஈஸ்ட்டும் போத்தலில் போட்டுச் செய்வது எங்கள் வெயிலில் ஒரே நாளில் பொங்கி, அடுத்த கிழமை அடங்கிவிடும். விளக்கும் ஏழு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. அதிக வெளிச்சத்தில் டிஸ்கஸ் ஒளிந்துகொள்ளும், பாசியும் பிடிக்கும். கொஞ்சம் மிதக்கும் செடி விட்டால் இரண்டுக்கும் மருந்து. நாட்டு வாதுமை இலை, கொட்டம்பா என்றால் எல்லோருக்கும் தெரியும், காய்ந்து தானாக விழுந்தது நாலைந்து போடுங்கள். தண்ணி தேநீர் நிறமாகும், மீன் அமைதியாகும். பிஎச்சை அது பெரிதாக இறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வடிகட்டி பற்றிச் சுருக்கமாக. உங்கள் தொட்டி எட்டு மாதம் ஓடியிருப்பதால் கழிவைச் சிதைக்கிற நல்ல பற்றீரியா அதில் குடியேறிவிட்டது. ஆனால் ஐந்து பெரிய மீன் ஒரே நாளில் வந்தால் அதற்குச் சுமை கூடும். முதல் மூன்று கிழமை தீனியைப் பாதியாகக் கொடுத்து, மீன் கழிவில் இருந்து வருகிற அமோனியாவை அளந்துகொண்டே இருங்கள். கிணற்றுத் தண்ணி பிஎச் 8 என்றால் இன்னும் கவனம். 30 பாகையில், பிஎச் 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் நஞ்சாக இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அது ஏழு பங்குக்கு மேல்.

கரண்ட் போகும்போது என்ன செய்வது? 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பத்து, பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது கற்றுக்கொண்டது. பற்றரியில் ஓடுகிற ஒரு காற்றுப் பம்ப், அதில் மாட்டிய ஸ்பஞ்ச் வடிகட்டி, இரண்டும் எப்போதும் தொட்டிக்குள் இருக்க வேண்டும். மூடிய கனிஸ்டர் வடிகட்டி மூன்று நாலு மணி நேரம் நின்றுவிட்டால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே ஒட்சிசன் இல்லாமல் அழுகிய தண்ணி முதலில் வாளிக்குப் போகட்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் தீனியும் போட வேண்டாம்.

தீனிக்கு எல்லோரும் மாட்டு இதயக் கலவை சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. இறாலை ஓடு நீக்கி, முள்ளில்லாத வெள்ளைச் சதை மீனோடு அரைத்து, அவித்த பசளிக்கீரை, கொஞ்சம் உள்ளி, ஸ்பிருலினாப் பொடி, பிடிப்புக்கு ஜெலற்றின் சேர்த்துத் தட்டையாக உறையவைத்து முறித்துப் போடுகிறேன். சாளை, நெத்தலி வேண்டாம், எண்ணெய் மிதக்கும். அதோடு நல்ல பெல்லற் ஒன்று. உயிருள்ள டியூபிபெக்ஸ் புழு மலிவு, நோயும் கூடவே வரும்.

கூட்டாளிகளாக கார்டினல் டெட்ராவும் ஸ்டெர்பை கோரிடோராசும் இந்தச் சூட்டைத் தாங்கும். நியோன் டெட்ரா தாங்காது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற இரண்டு ஏஞ்சல் மீனையும் எடுத்துவிடுங்கள். அவை வேகமாகத் தின்று முடித்துவிடும், அவற்றுக்குக் கேடு செய்யாத ஒட்டுண்ணிகள் டிஸ்கஸை வீழ்த்தும். சாதாரண பிளக்கோ என்ற உறிஞ்சுமீன் இரவில் டிஸ்கஸின் உடம்பில் ஒட்டிச் சளிப்படலத்தை உறிஞ்சும், அதுவும் வேண்டாம். அந்தப் படலம் டிஸ்கஸுக்கு வெறும் தோல் காப்பு மட்டும் இல்லை. குஞ்சு பொரித்தால் தாயும் தகப்பனும் அதைத்தான் பால் போல ஊட்டும்.

நோய்களில் இரண்டை மட்டும் கண்ணில் வைத்திருங்கள். தின்னாமல் கறுத்து, வெள்ளை நூல் போலக் கழித்தால் குடல் ஒட்டுண்ணி. ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு விட்டால் செவுள் புழு. இரண்டுக்கும் மருந்து உண்டு, ஆனால் செடித்தொட்டிக்குள் ஊற்றாமல் மீனை வெறுந்தொட்டிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். புதிய மீனை ஆறு கிழமை தனியே வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். உங்கள் ஐந்தையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் வாங்கினால், பிறகு ஆறாவது ஒன்றைச் சேர்க்காத வரை, அந்தத் தலையிடி பெரும்பாலும் இல்லை.

வாங்கும்போது தீனி போடச் சொல்லிப் பாருங்கள். முன்னுக்கு ஓடிவந்து தின்கிற, வட்டமான, கண் சின்னதான மீனை எடுங்கள். கொழும்பில் இருந்து இங்கே 260 கிலோமீற்றர். ஏசி பஸ்ஸில் கொண்டுவருவதானால் ரெஜிபோம் பெட்டி கட்டாயம், இல்லாவிட்டால் விடியும்போது பைக்குள் தண்ணி 22 பாகையில் இருக்கும். ஒட்சிசன் அடைத்த பை, ஒரு பைக்கு ஒரு மீன், முதல்நாள் தீனி இல்லை. இரவுப் பயணம் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் பையை மிதக்க விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணியைப் பைக்குள் விட்டு அரைமணி நேரத்தில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணியைக் கொட்டிவிடுங்கள். அன்றைக்குத் தீனி போட வேண்டாம். இரண்டு மூன்று நாள் கட்டைக்குப் பின்னால் கறுத்துப்போய்ச் சாய்ந்து நிற்கும், பயப்பட வேண்டாம், சின்னப் பிள்ளைகளைக் கண்ணாடியில் தட்ட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாளும் ஒன்றுமே தின்னாவிட்டால் டிடிஎஸ், பிஎச், அமோனியா மூன்றையும் அளந்து எனக்கு எழுதுங்கள்.